பட்டியல் போட்டும் பதற்றம் குறையவில்லை என்றால்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைத்தால் மன அழுத்தம் குறையும் என்று பலரும் சொல்ல, நீங்களும் கைபேசிச் செயலி ஒன்றில் எழுதத் தொடங்கினீர்கள். இப்போது அதில் அறுபது வரிகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. இரவு படுக்கும்முன் அதைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. பட்டியல் போடுவதே வீண் வேலையா, போடும் விதத்தில்தான் பிழையா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எழுதி வைப்பதால் மனம் உண்மையிலேயே லேசாகிறதா என்பது ஒன்று. எந்த மாதிரிப் பட்டியல் லேசாக்கும், எந்த மாதிரிப் பட்டியல் கனமாக்கும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆய்வுகள் ஓரளவு பதில் சொல்கின்றன. இரண்டாவதற்குப் பெரும்பாலும் நேர மேலாண்மைப் பயிற்சியில் பலருடைய பட்டியல்களை வரிவரியாகப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதிலிருந்து சொல்கிறேன். எது ஆய்வு, எது பழக்கத்தில் தெரிந்தது என்பதை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். பட்டியல் போட்டதால் வேலை குறையாது. குறைவது இரண்டு தவிப்புகள்தான்: ‘எதையோ மறந்துவிடப் போகிறேன்’ என்பதும், ‘இதில் எங்கே கை வைப்பது’ என்பதும். இந்த இரண்டும் குறைய வேண்டுமானால் எழுதினால் மட்டும் போதாது. எழுதியது உரிய நேரத்தில் மறுபடி நம் கண்ணில் படும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும் என்று மனம் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை வராதவரை, எழுதிய பிறகும் மனம் அதே வேலையைத் தானும் சுமந்துகொண்டே இருக்கும். உங்கள் விஷயத்தில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். அறுபது வரியும் செயலியிலும் இருக்கின்றன, தலைக்குள்ளும் இருக்கின்றன.

முடியாத வேலை மனத்தை அரிக்கும் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1927-ல் புளூமா ஸைகார்னிக் பெர்லினில் வெளியிட்ட ஆய்வு. பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளை, முடித்த வேலைகளைவிட மக்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றார் அவர். இணையத்தில் இதை அசைக்க முடியாத விதிபோல எழுதுகிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னாளில் பலர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அவருடைய சக ஆய்வாளர் மரியா ஓவ்சியாங்கினா 1928-ல் காட்டியது அதைவிடத் திடமாக நிற்கிறது: பாதியில் நிறுத்திய வேலைக்கு, யாரும் கேட்காமலேயே, வாய்ப்புக் கிடைத்ததும் மனிதர்கள் திரும்பப் போகிறார்கள். நினைவு கூடுகிறதோ இல்லையோ, இழுப்பு இருக்கிறது. நீங்கள் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் உணர்வது அந்த இழுப்பைத்தான்.

அந்த இழுப்பை அடக்குவது எது என்பதில்தான் நமக்குப் பயன்படும் ஆய்வு இருக்கிறது. மசிகாம்போவும் ராய் பாமைஸ்டரும் 2011-ல் வெளியிட்ட சோதனைகளில், முடிக்காத வேலைகளை நினைவூட்டப்பட்டவர்களுக்கு ஒரு கதைப்பகுதியைப் படிக்கும்போதுகூடக் கவனம் அலைந்தது. ஆனால் அந்த வேலைகளை எப்போது, எப்படிச் செய்வது என்று குறிப்பான திட்டம் எழுதியவர்களுக்கு அந்த அலைச்சல் அடங்கியது. வேலை இன்னும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். திட்டம் எழுதியதே போதுமானதாக இருந்தது. இதில் பலரும் விட்டுவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. திட்டத்தை மெய்யாகவே செய்யும் எண்ணத்தோடு எழுதியவர்களுக்குத்தான், அதாவது பின்னால் அதன்படி செய்தும் காட்டியவர்களுக்குத்தான், மனம் அடங்கியது. பேருக்கு எழுதிய திட்டத்தை மனம் நம்புவதில்லை.

தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைக்கேல் ஸ்கல்லினும் அவருடைய குழுவும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட 57 பேர் தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு படுத்தார்கள். படுக்கும்முன் ஐந்து நிமிடம், ஒரு பாதியினர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள். மறு பாதியினர் அண்மையில் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக, குறிப்பாக எழுத எழுத இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் உடல்நலமுள்ள இளைஞர்கள். நடந்தது ஒரே ஓர் இரவு. தூக்கமின்மை நோய் உள்ளவர்களுக்கும் இப்படியே இருக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அத்துடன் அவர்கள் காகிதத்தில் ஐந்து நிமிடம் புதிதாக எழுதினார்கள். நீங்கள் செய்வது, மூன்று மாதமாகச் சேர்ந்த பழைய வரிகளை ஒளிரும் திரையில் உருட்டி உருட்டிப் படிப்பது. பெயர் ஒன்றாக இருந்தாலும் செயல் வேறு. ஆகவே அந்த ஆய்வு பொய், உங்கள் அனுபவம் மெய் என்று மோதவிட வேண்டியதில்லை. இரண்டும் சரிதான்.

இனிப் பட்டியல் எங்கே கெடுகிறது என்று பார்ப்போம். பயிற்சிக்கு வருகிறவர்களின் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது, வரிகள் வெறும் பெயர்களாக இருப்பது. ‘காப்பீடு’, ‘அப்பா கண்’, ‘அறிக்கை’, ‘குளியலறைக் குழாய்’. ‘அப்பா கண்’ என்ற வரியைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். எழுதிய நேரத்தில் உங்களுக்கு அதன் முழுப் பொருளும் தெரியும். நான்கு நாள் கழித்துப் பார்க்கும்போது மனம் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறது. எந்த மருத்துவரிடம் போவது? போன தடவை எழுதித் தந்த சீட்டு எங்கே? சனிக்கிழமை பார்ப்பார்களா? யார் கூட்டிக்கொண்டு போவது? அன்றைக்கு விடுப்பு எடுக்க முடியுமா? ஐந்து முடிவுகள் எடுக்கப்படாமல் அந்த இரண்டு சொல்லுக்குள் கிடக்கின்றன. கையில் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்பதால் ஒன்றையும் தீர்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். மறுநாள் மறுபடி அதே ஐந்து கேள்வி. ஒரு நாளைக்கு மூன்று முறை பட்டியலைத் திறந்தால், எதுவும் செய்யாமலேயே அந்த வேலைக்காக மூன்று முறை களைத்திருப்பீர்கள்.

அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘செவ்வாய் காலை 10 மணிக்கு, தேநீர் இடைவேளையில், கண் மருத்துவமனைக்குப் போன் செய்து அப்பாவுக்குச் சனிக்கிழமை நேரம் கேட்கவும், எண் பழைய சீட்டில், சீட்டு மேசை இழுப்பறையில்.’ நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் செவ்வாய் காலை யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. இழுப்பறையைத் திறந்து எண்ணை அழுத்தினால் போதும். மீதி நான்கு கேள்விகளில் இரண்டு அந்தப் போனிலேயே தீர்ந்துவிடும். ஒரு வரி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. அதன் கடைசியில் கை, கால், வாய் இவற்றில் ஒன்று செய்யும் வினை இருக்கிறதா என்று பாருங்கள்: கேட்க, அனுப்ப, எடுக்க, எழுத, வாங்க. ‘பார்க்கணும்’, ‘யோசிக்கணும்’, ‘சரி பண்ணணும்’ என்று முடியும் வரிகள் பெரும்பாலும் இன்னும் முடிவெடுக்கப்படாதவை. யோசிப்பதே வேலை என்றால் அதற்கும் உருவம் கொடுங்கள்: ‘வீடு மாறுவதால் கூடும் செலவு, குறையும் செலவு இரண்டையும் ஒரு தாளில் எழுத, 20 நிமிடம்’.

எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று சேர்த்து எழுதுவதன் பயன் ஆய்விலும் உறுதியானது. ‘இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்ற வடிவத்தில் திட்டமிடுவதைப் பற்றிப் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எண்ணம் மட்டும் வைத்திருப்பதைவிட இப்படி எழுதுவது செய்து முடிப்பதை நன்றாகவே கூட்டுகிறது என்பது அவர்கள் முடிவு. ஆனால் அறுபது வரியையும் இப்படி எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். எமி டால்டனும் ஸ்டீபன் ஸ்பில்லரும் 2012-ல் காட்டியபடி, ஒரே சமயத்தில் பல இலக்குகளுக்கு இவ்வளவு விவரமாகத் திட்டம் போட்டால் அந்தப் பயன் தேய்ந்துவிடுகிறது. செய்ய வேண்டியது எவ்வளவு கடினம் என்பதுதான் அப்போது கண்ணுக்குத் தெரிகிறது, உறுதி தளர்கிறது. விவரம் இன்றைய வேலைகளுக்கு மட்டும் போதும்.

அதனால் ஒரே பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒன்று சேமிப்புப் பட்டியல். தலையில் தோன்றும் எல்லாம் அதில் போகும். ஒழுங்கு வேண்டாம், வரிசை வேண்டாம், எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை. அறுபது அல்ல, நூற்றைம்பது வரி இருந்தாலும் அது கெடுதல் இல்லை. மற்றொன்று இன்றைய தாள். அதில் இன்று செய்யப்போவது மட்டும் இருக்கும். பகல் முழுவதும் உங்கள் கண்முன் இருப்பது இரண்டாவது மட்டுமே. முதலாவதைத் திறக்க நாளில் ஒரு நேரம், வாரத்தில் ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே செயலியில், ஒரே திரையில் இருந்தால் இது நடக்காது. சேமிப்பு செயலியில் இருக்கட்டும், இன்றையதைக் கையளவுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தாள் சிறியதாக இருப்பது நல்லது. இடம் தீர்ந்தால் எழுதுவதும் நிற்கும்.

இன்றைய தாளில் எத்தனை வரி என்பதைத் தீர்மானிக்க வேண்டியது ஆசையல்ல, நிமிடக் கணக்கு. காலை 9 முதல் மாலை 6 வரை வேலை என்றால் 540 நிமிடம். சாப்பாட்டுக்கும் இடைவேளைக்கும் 75 போகட்டும். கூட்டங்கள் 120. தொலைபேசி, மின்னஞ்சல், பக்கத்து இருக்கைக்காரர் வந்து கேட்பது எல்லாம் சேர்த்து இன்னொரு 120. மிச்சம் 225. இதில் நான்கில் ஒரு பங்கை, ஏறக்குறைய 55 நிமிடத்தை, என்னவென்று இப்போது தெரியாத ஒன்றுக்காக ஒதுக்கி வையுங்கள். அது வராத நாள் குறைவு. கையில் நிற்பது 170 நிமிடம். ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள் நினைக்கும் நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். 20 நிமிடம் என்று தோன்றுவது 30 ஆகும். அப்படிப் பார்த்தால் ஐந்து வேலை, இழுத்துப் பிடித்தால் சற்றுக் கூட. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஒரே ஒரு நாள் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வரி எழுதிவிட்டு ஐந்து முடித்தவர் மாலையில் தோற்றுப்போனதாக நினைக்கிறார். ஐந்து எழுதி ஐந்து முடித்தவர் அதே அளவு வேலை செய்துவிட்டு நிம்மதியாக எழுந்து போகிறார்.

ஒன்றரையால் பெருக்குவது நடைமுறையில் பழகிய கணக்கு, விஞ்ஞான மாறிலி இல்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் மனப்போக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று. ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994-ல், பட்ட ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர் அளவில்தான். முன்பு எவ்வளவு தாமதமானது என்று தெரிந்தவர்களும் ‘இந்த முறை அப்படி ஆகாது’ என்று நம்புகிறார்கள். நீங்கள் சோம்பேறி என்பதால் பட்டியல் முடியாமல் போகிறது என்று எண்ண வேண்டாம்; மனித மனம் நேரத்தை இப்படித்தான் குறைத்து மதிப்பிடுகிறது.

அடுத்தது, பார்க்கும் நேரம். நல்ல பட்டியல்கள்கூட இங்கேதான் வீணாகின்றன. மாலை வேலை முடியும்போது, அல்லது இரவுச் சாப்பாட்டுக்குமுன், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். படுக்கையில் வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் இன்றைய தாளில் முடிந்ததை அடிப்பது. பிறகு முடியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு: நாளைக்கா, வேறொரு நாளுக்கா, வேண்டவே வேண்டாமா. அப்படியே நாளைக்கு நகலெடுப்பது முடிவு ஆகாது. பிறகு நாளைய காலண்டரைப் பார்த்து நிமிடக் கணக்கு. பிறகு சேமிப்பிலிருந்து நாளைக்கான நான்கைந்து வரிகளை எடுத்து, வினையோடும் நேரத்தோடும் எழுதுவது. அவ்வளவுதான். இதன்பின் இரவில் ஏதாவது புதிதாகத் தோன்றினால், தலையணைப் பக்கம் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். ஒரே வரியில் கிறுக்கிவிட்டுத் திரும்பப் படுங்கள், கைபேசியைத் தொட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் சேமிப்புப் பட்டியல் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை படியுங்கள். அந்த அரை மணி தவறாமல் நடக்கத் தொடங்கினால்தான் ‘எழுதினால் போதும், நான் சுமக்க வேண்டாம்’ என்று மனம் ஒத்துக்கொள்கிறது. பழகியவர்களைக் கேட்டால் இது மூன்றாவது, நான்காவது வாரத்தில் வருகிறது என்பார்கள். சிலருக்கு இன்னும் நாளாகும்.

வரிசைப்படுத்துவதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து வரி உள்ள தாளுக்கு அவ்வளவும் தேவையில்லை. ‘இன்று இது ஒன்று முடிந்தால் போதும்’ என்று சொல்லக்கூடியதை முதல் வரியாக வைத்து, தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் அதைத் தொடங்குங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். செயலிகள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கெடு தேதி கேட்கும். உண்மையான கெடு இல்லாதவற்றுக்குக் கற்பனைத் தேதி போடாதீர்கள். மெங் ஷூவும் உடன் ஆய்வாளர்களும் 2018-ல் காட்டியபடி, கெடு நெருங்குவதுபோல் தோன்றினாலே போதும், பயன் அதிகமான வேலையை விட்டுவிட்டு அற்பமானதைச் செய்ய மக்கள் போய்விடுகிறார்கள். கற்பனைத் தேதிகள் இன்னொரு கெடுதலும் செய்யும். ஒரு வாரத்தில் திரை முழுக்கச் சிவப்பாகும். எது உண்மையிலேயே தவறிப்போனது, எது நீங்களாக வைத்துக்கொண்டது என்று தெரியாமல் போகும். சிவப்பைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்த நாளில்தான் மின் கட்டணம் தவறுகிறது.

தாளா செயலியா என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. குறிப்பிட்ட மணிக்கு நினைவூட்ட வேண்டியதற்கும், மாதாமாதம் திரும்ப வருவதற்கும் கைபேசி. கண்முன் கிடக்க வேண்டியதற்குத் தாள். மருந்து, கட்டணம் போன்றவற்றைப் பட்டியலில் எழுதவே வேண்டாம், அலாரம் வைத்துவிடுங்கள். பயணத்துக்குப் பெட்டி கட்டுவது, மாதக் கணக்கு முடிப்பது போல ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி நடப்பவற்றுக்குத் தனியாக ஒரு சரிபார்ப்புத் தாள் எழுதி வைத்துக்கொண்டால், ‘எதையாவது விட்டுவிட்டேனா’ என்ற கவலை அந்த வேலையிலிருந்து அநேகமாகப் போய்விடும்.

வீட்டு வேலைகளைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் அறுபது வரியில் பாதிக்குமேல் வீட்டைச் சேர்ந்தவை என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன். அலிசன் டாமிங்கர் 2019-ல் 35 தம்பதியரிடம் செய்த ஆய்வில், வீட்டு நிர்வாகத்தின் மூளைவேலையை நான்காகப் பிரித்தார்: தேவை வரப்போவதை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று பார்ப்பது. முடிவெடுப்பதில் இருவரும் பங்குகொண்டாலும், முன்கூட்டி உணர்வதும் நடந்ததா என்று பார்ப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தன. இப்படிப்பட்ட சுமையைப் பட்டியலால் ஒரு எல்லைக்குமேல் குறைக்க முடியாது. பட்டியலை எழுதுவதும் பிறருக்கு நினைவூட்டுவதும் நீங்களாகவே இருந்தால், அதுவும் உங்கள் வேலையில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ‘நாளைக்குப் பால் வாங்கிவிடு’ என்று ஒரு வரியைப் பிரித்துக் கொடுப்பதற்குப் பதில், ‘பால், மளிகை இரண்டும் இனி உன் பொறுப்பு, தீர்ந்ததா என்று பார்ப்பதும் நீயே’ என்று முழுதாகக் கைமாற்றுங்கள். கைமாற்றியதை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். முதல் சில வாரம் எதுவாவது தீர்ந்துபோகும். அப்போது இடையில் புகுந்து வாங்கிவந்தால் பொறுப்பு உங்களிடமே திரும்பி வந்துவிடும்.

சில இடங்களில் பட்டியல் தவறான மருந்து. நிமிடக் கணக்கை நேர்மையாகப் போட்டும், கட்டாயம் முடிக்க வேண்டியவை கையிருப்பு நேரத்தைவிட இரண்டு மடங்கு இருந்தால், பிரச்சினை வேலையின் அளவு. எந்த ஒழுங்கும் அதைத் தீர்க்காது. அங்கே பட்டியலுக்கு ஒரே பயன், அதை மேலதிகாரியிடம் காட்டி ‘இந்த வாரம் இந்த ஏழில் நான்குதான் ஆகும், எந்த நான்கு என்று சொல்லுங்கள்’ எனக் கேட்பது. வாயால் ‘வேலை அதிகம்’ என்று முறையிடுவதைவிட, நிமிடம் போட்ட தாள் அதிகம் பேசும். நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லாத கவலைகளையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். பரிசோதனை முடிவு என்ன வருமோ, வேலை நிலைக்குமோ என்பவை வேலைகள் அல்ல. அவற்றை எழுதினால் அடிக்க முடியாத வரிகளாக நின்று குத்தும். வேறொரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். எழுதியதைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் இருக்க முடியவில்லை, வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து எழுதத் தோன்றுகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பட்டியலே கட்டாயப் பழக்கமாகிவிடக்கூடும். அவர்கள் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இப்போது உங்கள் அறுபது வரிக்கு வருவோம். ஒரு விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் வேண்டாம். மேலிருந்து ஒவ்வொரு வரியாக, ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குமேல் தராமல் போங்கள். இரண்டு நிமிடத்தில் முடியக்கூடியவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்; செய்யத் தொடங்கிவிடாதீர்கள், கடைசியில் சேர்த்துச் செய்யலாம். மூன்று மாதமாகத் தொடாமல் கிடப்பவற்றிடம் ஒரே கேள்வி: இதைச் செய்யாமலே விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பதில் உடனே வராவிட்டால் அடித்துவிடுங்கள். அடிக்க மனம் வராதவற்றை ‘என்றாவது’ என்று தலைப்பிட்ட தனித் தாளுக்கு மாற்றி, அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பாருங்கள். பிறர் பதிலுக்காகக் காத்திருப்பவற்றை, யாரிடம், எந்தத் தேதியில் கேட்டோம் என்று எழுதி ஒரே இடத்தில் சேருங்கள். அவை உங்கள் வேலை இல்லை, நினைவூட்டுவது மட்டுமே உங்கள் வேலை. மீதியெல்லாம் சேமிப்பு. பொதுவாக இப்படி வடிகட்டியபின் முக்கால்வாசிக்கும் குறைவாகவே மிஞ்சும், ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக எதையும் அடிக்க வேண்டாம். அன்று மாலையே முதல் தாளை எழுதுங்கள், முதல் வாரம் நாளுக்கு மூன்று வரிக்குமேல் வேண்டாம்.

அதன்பின் கவனிக்க வேண்டியது, ஒரே வரி எத்தனை நாள் தாளிலிருந்து தாளுக்கு நகர்கிறது என்பது. மூன்று முறை நகர்ந்த வரியை நான்காம் முறை எழுதாதீர்கள். அது பெரிதாக இருக்கிறது, அல்லது அதற்குத் தேவையான ஏதோ ஒன்று கையில் இல்லை, அல்லது உங்களுக்கு அதைச் செய்ய விருப்பமில்லை. பெரிதானால் முதல் பதினைந்து நிமிடத்துக்கான துண்டை மட்டும் வெட்டி எழுதுங்கள். ஒன்று குறைகிறதானால் அதைத் தேடுவதை வரியாக்குங்கள். விருப்பமில்லை என்றால் யாரிடம் மறுப்பைச் சொல்ல வேண்டுமோ அவருக்குச் சொல்வதை வரியாக்குங்கள். இதையெல்லாம் நான்கைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் இரவுப் படபடப்பு அப்படியே இருந்தால், அல்லது வாரத்தில் மூன்று இரவுக்குமேல் தூக்கம் கெட்டால், அடுத்த தாளின் முதல் வரியாக மருத்துவரிடம் நேரம் கேட்பதை எழுதுங்கள்.